எலிவால்னு சொன்ன முடிக்கு ஒரு ஹேர் ஃபோர்க்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ரொம்பச் சின்ன ஒரு பொருளைப் பத்திப் பேசப்போறேன். அஞ்சு அங்குல நீளம், ரெண்டு கால், இருபது கிராம்கூட இருக்காத ஒரு மரத்துண்டு. அது கைக்கு வந்ததுக்கு அப்புறம் என் முடியைப் பத்தி நான் அழுறதை நிறுத்திட்டேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

என் முடி இடுப்பு வரைக்கும் இருக்கு. கேட்டதும் "கொடுத்து வெச்சவ"ன்னு நினைப்பீங்க. நேர்ல பார்த்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க. நீளம் இருக்கு, பருமன் இல்லை. பின்னினா ஜடையோட நுனி என் சுண்டுவிரல்ல பாதிதான் வரும். சின்ன வயசுல இருந்தே வீட்ல அதுக்கு ஒரு பேரு உண்டு: எலிவால். அம்மா சொல்லும்போது அதுல பாசம் இருக்கும். அத்தை சொல்லும்போது பாசம் கொஞ்சம் குறையும். ஒரு கல்யாண வீட்ல, யாருன்னே தெரியாத ஒரு பெரியவங்க என் ஜடையைக் கையில தூக்கிப் பார்த்துட்டு, "என்னம்மா, முடியெல்லாம் கொட்டிப்போச்சா?"ன்னு கேட்டாங்க. அதுல பாசமே இல்லை.

கொட்டலைங்க. அங்க இருந்துதான் இன்னைக்கு ஆரம்பிக்கணும்.

மெல்லிசு வேற, குறைவு வேற

நம்ம ஊர்ல முடியைப் பத்திப் பேசும்போது ரெண்டு விஷயத்தை ஒண்ணாக் குழப்பிடுறோம். ஒண்ணு, தலையில எத்தனை முடி இருக்குங்கிறது. அது அடர்த்தி. இன்னொண்ணு, ஒவ்வொரு முடியும் எவ்வளவு தடிமன்ங்கிறது. தலையில சுமாரா ஒரு லட்சம் முடி இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். தடிமனும் அப்படித்தான். ஒருத்தருக்கு ஒரு முடி 50 மைக்ரான் இருக்கும், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு 80 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான்ங்கிறது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. 50-க்கும் 80-க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும்.

இங்கதான் பத்தாம் வகுப்பு கணக்கு உதவிக்கு வருது. முடியை வெட்டிப் பார்த்தா அது ஒரு வட்டம். வட்டத்தோட பரப்பு, அகலத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது. அஞ்சோட வர்க்கம் 25, எட்டோட வர்க்கம் 64. அதாவது, ரெண்டு பேருக்கும் தலையில ஒரே எண்ணிக்கையில முடி இருந்தாலும், என் ஜடையில இருக்கிற மொத்தச் சரக்கு அவங்க ஜடையில இருக்கிறதுல கிட்டத்தட்ட 40 சதவீதம்தான். ஒரு முடிகூடக் கொட்டாமலே ஜடை பாதிக்கும் கீழ ஆகிடும். இது நோய் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. வடிவக்கணிதம்.

உங்களுக்கு எது இருக்குன்னு வீட்லயே பார்க்கலாம். சீப்புல வந்த ஒரு முடியை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டுங்க. விரலுக்கு நூல் மாதிரித் தெரிஞ்சா தடிமனான முடி. இருக்கிறதே தெரியலைன்னா மெல்லிசு. அப்புறம் நல்ல வெளிச்சத்துல வகிட்டைப் பாருங்க. வகிடு மெல்லிய கோடா இருந்தா அடர்த்தி பரவாயில்லை. அகலமாகிட்டே போகுது, போன வருஷப் போட்டோவுல இப்படி இல்லைன்னா, அது வேற கதை. அதைக் கடைசியில சொல்றேன்.

ஆறு வருஷம் பழசான நுனி

முடி மாசத்துக்குச் சுமாரா ஒரு சென்டிமீட்டர் வளரும். என் முடி 75 சென்டிமீட்டர் இருக்கு. அப்போ நுனியில இருக்கிற முடிக்கு வயசு என்ன? ஆறு வருஷத்துக்கு மேல. நான் காலேஜ்ல சேர்ந்தப்போ வேர்ல முளைச்ச முடி இப்போ இடுப்புல தொங்குது. அத்தனை வெயில், அத்தனை உப்புத் தண்ணிக் குளியல், பஸ் ஜன்னல் காத்து, அத்தனை ரப்பர் பேண்ட், எல்லாத்தையும் அது பார்த்திருக்கு. அதுக்கு உயிர் கிடையாது. காயம் பட்டா தோல் மாதிரித் தானா ஆறாது. உடைஞ்சா உடைஞ்சதுதான்.

அந்த முடியை நாம என்ன பண்றோம்? மெல்லிசா இருக்கிறதால ரப்பர் பேண்ட் வழுக்கும். வழுக்குதேன்னு நாலாவது சுத்து சுத்துவோம். அதுக்கு மேல ஒரு கிளிப். காலையில அவசரத்துல ஈரமா இருக்கும்போதே கட்டிடுவோம். ஈரமான முடி சாதாரணமா இருக்கிறதை விட அதிகமா நீளும், சீக்கிரம் அறுந்தும் போகும். சாயங்காலம் ரப்பர் பேண்டைக் கழட்டும்போது அதுல நாலு முடி சுத்திட்டு வரும். ஆறு வருஷம் வளர்ந்த நாலு முடி.

ஸ்கூல்ல எனக்கு ரெட்டை ஜடை. மடிச்சு, ரிப்பன் வெச்சு, இறுக்கி. தளர்வா இருந்தா பிரேயர்லயே தனியா நிக்க வெச்சிடுவாங்க. எண்ணெய் தேய்ச்சு இறுக்கிப் பின்னினா முடி வளரும்னு வீட்லயும் நம்பிக்கை. கண்ணு மேல இழுத்துக்கிட்டுப் போற அளவுக்குப் பின்னல். பன்னிரண்டு வருஷம் அப்படி.

அப்புறம் பெரியம்மா பொண்ணு கல்யாணம். அக்கா கல்யாணம்னா சும்மா இருக்க முடியுமா? பார்லர்ல என் முடியைப் பார்த்துட்டு, "இதுல ஒண்ணும் நிக்காதுங்க"ன்னு சொல்லி, சவுரி வெச்சு, ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சம், மேல பூ. எத்தனை பின் குத்தினாங்கன்னு நான் எண்ணலை. ராத்திரி கழட்டும்போது அம்மாதான் எண்ணினாங்க: 43. சாயங்காலமே தலைவலி ஆரம்பிச்சிருந்தது. காதுக்கு மேல ஒரு கொத்து முடி சவுரியோட சேர்ந்து வந்துடுச்சு. அம்மா அதைக் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லலை. அதுக்கு அப்புறம் அவங்க என்னை எலிவால்னு கூப்பிட்டதே இல்லை.

தோல் டாக்டர்கிட்ட போனேன். நெத்தி ஓரம், காதுக்கு மேல, ரெண்டு இடத்துலயும் முடி பின்வாங்கியிருக்குன்னு காட்டினாங்க. ட்ராக்‌ஷன் அலோபீசியா. இழுத்து இழுத்துக் கட்டுறதால வர்ற முடி உதிர்வு. ஆரம்பத்துலயே இழுக்கிறதை நிறுத்திட்டா திரும்ப வளரும். வருஷக்கணக்கா அப்படியே தொடர்ந்தா வேரே போயிடும், அப்புறம் வராது. மருந்துச் சீட்டு எழுதுறதுக்கு முன்னாடி டாக்டர் சொன்னது ஒரே வரி: "முதல்ல இழுக்கிறதை நிறுத்துங்க."

சரி, இழுக்காம எப்படிக் கட்டுறது? இடுப்பு வரைக்கும் இருக்கிற முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு எலக்ட்ரிக் ட்ரெயின்ல ஏற முடியுமா? வெட்டிடலாம்னு முடிவு பண்ணி ஒரு சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட்டும் வாங்கிட்டேன்.

ஆச்சியோட பவுடர் டப்பா

அந்த வாரம் திருநெல்வேலியில இருந்து ஆச்சி வந்திருந்தாங்க. அவங்க முடி என்னை விட மெல்லிசு, அதுவும் இப்போ வெள்ளைப் பஞ்சு மாதிரி ஆகிடுச்சு. காலையில குளிச்சு, காயவெச்சு, கையால ஒரு முறுக்கு முறுக்கி, பின்னாடி சுருட்டி, பழைய பவுடர் டப்பாவுல இருந்து மூணு கொண்டை ஊசி எடுத்துச் செருகுவாங்க. ராத்திரி படுக்கிற வரைக்கும் அது அசையாது. இருபத்தாறு வருஷமா நான் அதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன், ஒரு நாள்கூட எப்படி நிக்குதுன்னு கேட்டதில்லை.

கேட்டேன். ஆச்சி சொன்னாங்க, "இறுக்கிக் கெட்டுனா அத்துப் போகும்ட்டி. செருகி வெச்சா நிக்கும்."

கொண்டை ஊசியை ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க. கொல்லிமலை போயிருந்தா இன்னும் சுலபமாப் புரியும். அங்க 70 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அந்த ரோடு எப்படி ஒரு பக்கமாப் போய், வளைஞ்சு, வந்த திசையிலயே திரும்புதோ, அதே வடிவம். ஒரு வளைவு, ரெண்டு கால். இப்போ அதே வடிவத்தை ஒரு ஜாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவாப் பெருசு பண்ணி, மரத்துலயோ கொம்புலயோ அக்ரிலிக்லயோ செஞ்சா அதுதான் ஹேர் ஃபோர்க். ஆச்சியோட கொண்டை ஊசிக்கு அக்கா. மூணு ஊசி செய்யுற வேலையை ஒண்ணே செஞ்சிடும்.

எப்படி நிக்குது?

ரப்பர் பேண்ட் முடியைச் சுத்தி நெரிக்குது. மொத்த அழுத்தமும் ஒரே கோட்டுல விழுது. ஃபோர்க் அப்படி இல்லை. கொண்டையைச் சுருட்டினா அது திரும்பப் பிரிஞ்சு விரியப் பார்க்கும். அந்த விரியுற விசையையே ஃபோர்க் பயன்படுத்திக்குது. ஃபோர்க்கோட கால் கொண்டையோட ஓரத்துக்கு மேல ஏறி, தலையை ஒட்டியிருக்கிற முடிக்குக் கீழ நுழைஞ்சு, கொண்டைக்கு அடியில போய், எதிர்ப்பக்கம் வெளியே வரும். கொண்டை வெளியே தள்ளுது, தலைமுடி உள்ளே பிடிக்குது, ரெண்டுக்கும் நடுவுல ஃபோர்க் மாட்டிக்குது. பாரம் பின்னந்தலை முழுக்கப் பரவிடும். அதனாலதான் வலிக்காது.

சொல்லிக்கொடுக்கிறேன். பாட்காஸ்ட்ல கை ஜாடை காட்ட முடியாது, அதனால மெதுவாவே சொல்றேன். முடி தோள்பட்டை எலும்பைத் தாண்டி இருக்கணும். நல்லாக் காய்ஞ்சிருக்கணும்.

முதல்ல, அகலப் பல் சீப்பால நுனியில இருந்து மேல நோக்கிச் சிக்கெடுங்க. முடியைக் காது மேல்நுனி உயரத்துக்குப் பின்னாடி ஒரு கையில சேருங்க. உச்சியில வேண்டாம், மெல்லிய முடி அவ்வளவு உயரத்துல நிக்காது.

ரெண்டாவது, ஒரே திசையில முறுக்குங்க. கயிறு மாதிரி இறுக்கமா வேண்டாம். தளர்வா முறுக்கினா கொண்டை பெருசாவும் தெரியும், முடிக்கும் நல்லது. அதே திசையில அடியைச் சுத்திச் சுருட்டி, நுனியை அடியில ஒளிச்சு வெச்சு, இடது கையால மூடிப் பிடிங்க.

மூணாவது, இதுதான் சூட்சுமம். ஃபோர்க்கோட வளைவு கொண்டை மேல படுத்திருக்கட்டும், கால் நுனிகள் கொண்டையை விட்டு வெளியே பார்க்கட்டும். அந்த நுனியால கொண்டையோட ஓரத்துல இருந்து கொஞ்சம் முடியைக் கோருங்க. நுனி தலைத்தோலை லேசாத் தொடட்டும். இப்போ ஃபோர்க்கை அப்படியே ஒரு புரட்டு. தோசையைத் திருப்புற மாதிரி. நுனிகள் இப்போ கொண்டையோட நடுவைப் பார்க்கும். தலையை ஒட்டினாப்ல அடியில தள்ளி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிற வரைக்கும் விடுங்க.

கையை எடுங்க. தலையை ஆட்டுங்க. எங்கயாவது ஒரே ஒரு முடி சுருக்குனு இழுத்தா தப்பா மாட்டியிருக்குன்னு அர்த்தம், கழட்டித் திரும்பப் போடுங்க. சரியா இருந்தா தலையில ஒண்ணு இருக்கிறதே பத்து நிமிஷத்துல மறந்துடும். முதல் நாள் எனக்கு இருபது தடவை சரிஞ்சது. அடுத்த வாரம் கண்ணாடி இல்லாமலே பத்து செகண்ட்ல போட்டேன்.

அப்புறமும் வழுக்குதா? அன்னைக்குத்தான் ஷாம்பூ போட்டிருந்தா வழுக்கத்தான் செய்யும், அடுத்த நாள் பாருங்க. நிறைய எண்ணெய் இருந்தாலும் வழுக்கும். இல்லைன்னா முறுக்குறதுக்குப் பதிலா தளர்வா ஒரு ஜடை பின்னி, அந்த ஜடையைச் சுருட்டிக் கொண்டை போடுங்க. பின்னலோட மேடு பள்ளத்துல ஃபோர்க் நல்லாப் பிடிக்கும். பின்னின ஜடையோட ஓரங்களை மெதுவா வெளியே இழுத்துத் தட்டையாக்கினா கொண்டை ஒன்றரை மடங்கு பெருசாத் தெரியும். சவுரி வேண்டாம்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

இது நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்ட பாடம். முதல்ல வாங்கின ஃபோர்க் ஏழு அங்குலம், பித்தளை, மயில் வேலைப்பாடு. அழகோ அழகு. என் கொண்டையில செருகினா ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு, எலுமிச்சம்பழத்துல அகப்பை குத்தின மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்துல பாரம் தாங்காம கழுத்துக்கு இறங்கிடுச்சு.

நீளத்துல இருந்து ஆரம்பிங்க. கொண்டை போட்டு, அதோட அகலத்தை ஸ்கேல்ல அளந்துக்குங்க. ஃபோர்க்கோட கால் நீளம் அதை விட ரெண்டு மூணு சென்டிமீட்டர் கூடுதலா இருந்தாப் போதும். மெல்லிய முடிக்குப் பெரும்பாலும் 10-ல இருந்து 12 சென்டிமீட்டர் சரியா வரும். மேல இருக்கிற அலங்காரத்தைச் சேர்க்காம, கால் நீளத்தை மட்டும் பாருங்க. விளம்பரத்துல மொத்த நீளம்தான் போட்டிருப்பாங்க.

அடுத்து எடை. மரம், கொம்பு, அக்ரிலிக் எல்லாம் லேசு. உலோகம் வேணும்னா மெல்லிய கம்பியில செஞ்சது எடுங்க. வழவழப்பும் முக்கியம். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது வழுக்கும், லேசாச் சொரசொரப்பு மிச்சமிருக்கிற மரம் பிடிக்கும். கால் நேரா இல்லாம அலை மாதிரி வளைஞ்சிருந்தா மெல்லிய முடிக்கு இன்னும் நல்லது. ஆச்சியோட கொண்டை ஊசியிலயும் அந்த வளைவு இருந்தது, நான்தான் கவனிக்கலை.

கடைசியா ஒரு சோதனை. கடைக்குப் போகும்போது ஷிஃபான் துப்பட்டா போட்டுக்கிட்டுப் போங்க. ஃபோர்க்கோட நுனியையும், ரெண்டு காலும் சேர்ற வளைவோட உள்பக்கத்தையும் துப்பட்டாவுல இழுத்துப் பாருங்க. ஒரு நூல் மாட்டினாலும் வாங்காதீங்க. துப்பட்டாவைக் கிழிக்கிறது முடியை விட்டு வைக்காது. அச்சுல வார்த்த பிளாஸ்டிக் சீப்புகள்ல பல்லுக்கு நடுவுல ஒரு மெல்லிய கோடு நீட்டிக்கிட்டு இருக்கும், அங்க நல்லாப் பாருங்க.

அலங்காரச் சீப்பு நிக்கமாட்டேங்குதே?

ஃபோர்க் தூண்னா அலங்காரச் சீப்பு கோலம். தூண் நின்ன பிறகுதான் கோலம். நாம தப்பு பண்றது இங்கதான். கல்லு பதிச்ச கனமான சீப்பை எடுத்து, வழுக்குற முடியில நேரா மேல இருந்து கீழ குத்திட்டு, நிக்கலைன்னு முடி மேல பழி போடுறோம்.

சீப்பு நிக்கணும்னா அதுக்குக் கீழ பிடிக்க ஒண்ணு வேணும். ஃபோர்க் போட்ட கொண்டை இருந்தா, கொண்டையும் தலையும் சேர்ற இடத்துல சீப்பைச் செருகுங்க. அங்க முடி ரெண்டு அடுக்கா இருக்கும், பல் ரெண்டையும் கோர்த்துப் பிடிக்கும். செருகுற விதமும் அதே புரட்டுதான்: பல் முதல்ல வெளியே பார்க்கட்டும், கொஞ்சம் முடியைக் கோர்த்து, திருப்பி, கொண்டைப் பக்கமாத் தள்ளுங்க.

முடியை விரிச்சுப் போட்டு, காதோரம் மட்டும் ஒரு சீப்பு வைக்கணுமா? சீப்பு உட்காரப்போற இடத்துக்கு அடியில, மேல் முடியை ஒதுக்கிட்டு, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குட்டிப் பின்னல் பின்னுங்க. ரெண்டு அங்குலம் போதும். மேல் முடியை இறக்கி மூடிட்டு, சீப்போட பல்லை அந்தப் பின்னல்ல கோர்த்துடுங்க. சாயங்காலம் வரைக்கும் அசையாது. பல் அதிகமா, நெருக்கமா இருக்கிற சின்னச் சீப்பு எடுங்க. அகலப் பல் பெரிய சீப்பு அடர்த்தியான முடிக்குத்தான்.

யாரெல்லாம் சூடினாங்க?

இது பொண்ணுங்க சமாச்சாரம்னு பாதியில இயர்போனைக் கழட்டப்போற பசங்களுக்கு ஒரு செய்தி. 19-ஆம் நூற்றாண்டு இலங்கைப் புகைப்படங்களைத் தேடிப் பாருங்க. கடலோரப் பகுதிகள்ல இருந்த சிங்கள ஆண்கள் நீள முடியைப் பின்னாடி கொண்டை போட்டு, தலைக்கு மேல பாதி வட்டமா ஆமை ஓட்டுச் சீப்பு வெச்சிருப்பாங்க. அது அந்தஸ்தைக் காட்டுற பொருள். நம்ம பக்கத்துல கீழடி அகழாய்வுல தந்தச் சீப்பு கிடைச்சிருக்கு. சீனாவுல ரெண்டு கால் இருக்கிற கொண்டை ஊசிக்குன்னே தனிப் பேரு உண்டு, 'சாய்'னு சொல்லுவாங்க. பிரியும்போது அதை ரெண்டாப் பிளந்து ஆளுக்கு ஒரு கால் வெச்சுக்குவாங்களாம். பாய் ஜூயி 806-ல எழுதின நீண்ட கவிதையில, இறந்துபோன யாங் குய்ஃபெய் பேரரசருக்கு அனுப்புற அடையாளங்கள்ல ஒண்ணு அந்த மாதிரிப் பிளந்த ஊசியோட ஒரு பாதி. ரெண்டு கால்னாலே ஜோடின்னு ஆகிடுச்சு பாருங்க.

அந்த ஆமை ஓட்டுக்கு ஒரு விலை இருந்தது. அது அழுங்காமையோட ஓடு. மன்னார் வளைகுடாவுலயும் இருக்கிற ஆமைதான். அழகான ஓடு இருந்ததே அதுக்கு வினையாப் போச்சு, உலகம் முழுக்க வேட்டையாடினாங்க. 1977-ல இருந்து சைட்டீஸ் ஒப்பந்தத்துல அது முதல் பட்டியல்ல இருக்கு, நம்ம நாட்டுல 1972 வனவிலங்குச் சட்டத்துலயும் பாதுகாக்கப்பட்ட உயிர். அதனால யாராவது 'ஒரிஜினல் ஆமை ஓடு, பழைய சரக்கு'ன்னு விக்க வந்தா தொடாதீங்க. இப்போ கடையில 'டார்ட்டாய்ஸ் ஷெல்'னு வர்ற பழுப்பு மஞ்சள் கலர் எல்லாம் பெரும்பாலும் அசிட்டேட் இல்லைன்னா அக்ரிலிக். அது சரி.

அந்த ஓட்டுக்கு வந்த பெரிய மாற்றுகள்ல ஒண்ணு செல்லுலாய்ட். 1870-ல அமெரிக்காவுல ஹயட்ங்கிறவர் காப்புரிமை வாங்கின பொருள். அதுல சேர்ற முக்கியமான சரக்கு என்ன தெரியுமா? கற்பூரம். கற்பூரமும் நைட்ரோசெல்லுலோஸும் சேர்ந்ததுதான் செல்லுலாய்ட். அதனால அது சட்டுனு தீப்பிடிக்கும். பழைய பொருள் விக்கிற இடத்துல அந்தக் காலச் சீப்பு கிடைச்சா அடுப்புப் பக்கம், விளக்குப் பக்கம் அதைப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க.

அமெரிக்காவுல லெமின்ஸ்டர்னு ஒரு ஊர். சீப்பு நகரம்னே அதுக்குப் பேரு. ஊரே செல்லுலாய்ட் சீப்பு செஞ்சு பிழைச்சது. 1920-கள்ல பொண்ணுங்க முடியைக் கழுத்தோட கத்தரிச்சு 'பாப்' வெச்சுக்கிட்டாங்க. கொண்டை இல்லைன்னா சீப்பு எதுக்கு? வியாபாரம் படுத்துடுச்சு. அந்த ஊர்ல சீப்பு செஞ்சுக்கிட்டு இருந்த ஃபாஸ்டர் கிராண்ட் கம்பெனி கூலிங் கிளாஸ் பக்கம் திரும்பிச்சு. 1929-ல அட்லான்டிக் சிட்டி கடற்கரையில விக்க ஆரம்பிச்சாங்க. நம்ம தலைமுடியை என்ன பண்றோம்ங்கிறது ஒரு ஊரோட தொழிலையே மாத்தியிருக்கு.

நடைமுறைக்கு வருவோம்

சில எச்சரிக்கைகள். டூ வீலர் ஓட்டும்போதும் பின்னாடி உட்காரும்போதும் ஃபோர்க் வேண்டாம். ஹெல்மெட்டுக்குள்ள அது இருக்கக் கூடாது. தளர்வா ஒரு ஜடை போட்டு, சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு, இறங்கினதும் கொண்டை போட்டுக்குங்க. பத்து செகண்ட் வேலைதானே. கார்ல பின்னாடி சாயும்போதும் கழட்டிடுங்க. தூங்கும்போது கண்டிப்பாக் கூடாது. மரத்தை ஈர முடியில செருகினா வெடிப்பு விடும், அந்த வெடிப்புல முடி மாட்டும். மாசத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவித் துடைச்சு வெச்சா மரம் நல்லா இருக்கும். தினமும் ஒரே இடத்துல கொண்டை போடாம, ஒரு நாள் கொஞ்சம் கீழ, ஒரு நாள் கொஞ்சம் பக்கவாட்டுல மாத்திக்குங்க. பாரம் ஒரே இடத்துல விழாது.

இன்னொண்ணு, நேர்மையாச் சொல்லணும். ஃபோர்க் முடியை வளர்க்காது. தடிமனாக்காது. உடையுறதைக் குறைக்கும், அவ்வளவுதான். உடையுறது குறைஞ்சா நுனி வரைக்கும் முடி மிஞ்சும், அதனால ஒரு வருஷம் கழிச்சு ஜடை கொஞ்சம் பருத்த மாதிரித் தெரியும். ஒரு நாளைக்கு 50-ல இருந்து 100 முடி உதிர்றது சாதாரணம். திடீர்னு கொத்துக் கொத்தா வந்தா, வகிடு அகலமாகிட்டே போனா, சீப்பு வாங்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. இரும்புச்சத்து, தைராய்டு, சமீபத்துல வந்த காய்ச்சல், எத்தனையோ காரணம் இருக்கலாம். மெல்லிசு குறை இல்லைன்னு நான் சொன்னதை வெச்சு, நிஜமான குறையைக் கவனிக்காம விட்டுடாதீங்க.

வெட்டணும்னு ஆசையா இருந்தா வெட்டுங்க, அதுவும் அழகுதான். எனக்கு ஆசை இல்லை. நாலு பேர் ஜடையைத் தூக்கிப் பார்த்துக் கேட்டதுக்குப் பயந்துதான் அன்னைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். அதை கேன்சல் பண்ணிட்டேன்.

ரெண்டு வருஷம் ஆச்சு. காதுக்கு மேல போன கொத்து திரும்ப வந்துடுச்சு, இப்போ தாடை வரைக்கும் வளர்ந்திருக்கு. கொண்டை போடும்போது அது மட்டும் எட்டாம வெளியே நிக்கும், அதுக்கு ஒரு குட்டிச் சீப்பு வெச்சிருக்கேன். ஆச்சி போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க பவுடர் டப்பாவை அம்மா எனக்குக் கொடுத்தாங்க. உள்ளே பதினோரு கொண்டை ஊசி இருந்தது. ஃபோர்க்கை ஆபீஸ்ல மறந்துட்டு வந்த நாள்ல அதுல மூணு எடுத்துச் செருகிக்கிறேன்.

போன மாசம் அம்மா கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, "அந்தக் குச்சியை எனக்கும் ஒரு தடவை போட்டு விடேன்"ன்னாங்க. போட்டு விட்டேன். அம்மாவுக்கும் என் மாதிரிதான் முடின்னு அப்போதான் கவனிச்சேன்.

உங்க முடியில எது நின்னது, எது வழுக்கிச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.